பலகைமேல் ஒரு கடைசி நிலையம்: மாதிரி ரயில் யார்ட்டை வகுத்தலும் கட்டுதலும்

ரயில் யார்ட்டின் முதல் வேலை, வந்த பெட்டிகளைப் பிரித்து, வேறு ஒழுங்கில் கோர்த்து, திரும்ப அனுப்புவது. நிறுத்திவைப்பது அதன் இரண்டாவது வேலை. மாதிரி ரயில் கட்டுவோர் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். கையிலுள்ள பெட்டிகளை எண்ணி, அத்தனைக்கும் இடம் தேடி, பலகையில் கொள்ளுமட்டும் பக்கம் பக்கமாகத் தண்டவாளம் போடுகிறார்கள். எல்லாப் பாதையும் நிறைந்த பிறகு, எஞ்சின் நாலு வேகனை இழுத்துக்கொண்டு வெளியே வர இடமில்லை. பார்க்க அழகான யார்ட். வேலைக்கு உதவாத யார்ட். மாதிரி யார்ட்டைத் திட்டமிடுவது பெரும்பாலும் இந்த ஒரு பிழையைத் தவிர்ப்பதே.

உண்மையான யார்ட்டுகள் இரு பெரும் வகை. தட்டையான யார்ட்டில் எஞ்சினே முன்னும் பின்னும் ஓடிப் பெட்டிகளைத் தள்ளிப் பிரிக்கும். மேட்டு யார்ட்டில் பெட்டிகளை ஒரு சிறு மேட்டின்மேல் தள்ளிவிட்டால், அவை தம் எடையிலேயே உருண்டு தத்தம் பாதைக்குள் போய்ச் சேரும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள பெய்லி யார்ட் உலகிலேயே பெரியது; அதன் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீற்றர். அதை 1:76 அளவில் அப்படியே செய்தால் 170 மீற்றர் நீளமான மண்டபம் வேண்டும். இந்தியாவில் மொகல்சராய் யார்ட், 2018இல் நிலையத்தின் பெயர் தீன் தயாள் உபாத்யாயா என மாறிய பிறகும், ஆசியாவின் மிகப் பெரிய யார்ட்டுகளில் ஒன்றாகவே பேசப்படுகிறது. ஆனால் 1980களிலிருந்து இந்திய ரயில்வே தனித்தனி வேகன்களைப் பிரித்துச் சேர்ப்பதைக் குறைத்து, ஒரே சரக்கை ஒரே இடத்துக்கு முழு வண்டியாக அனுப்பத் தொடங்கியது. தமிழ்நாட்டின் ஜோலார்பேட்டை உட்பட இந்தியாவெங்கும் பழைய பிரிப்பு யார்ட்டுகளின் வேலை அதோடு சுருங்கியது.

மேட்டு யார்ட்டை மாதிரியில் செய்ய முயன்றவர்கள் உண்டு. நன்றாக ஓடியவை அரிது. காரணம் எளிது. பொருளை 76 மடங்கு சிறிதாக்கினால் அதன் எடை 76இன் மும்மடிப் பெருக்க அளவில் குறைகிறது. அச்சின் உராய்வும் சில்லின் ஒட்டலும் அந்த விகிதத்தில் குறைவதில்லை. ஒரு வேகன் பாதியில் நின்றுவிடும்; அடுத்தது பாய்ந்துபோய் முன்னதில் மோதும். ஆகவே வீட்டு அமைப்புக்குப் பொருத்தம் தட்டையான யார்ட்தான், அதிலும் ஒரு கிளைப்பாதையின் முடிவு நிலையத்திலுள்ள சிறு யார்ட். இலங்கையில் அதற்கு மட்டக்களப்பை விட வாய்ப்பான எடுத்துக்காட்டுக் கிடைப்பது கடினம்.

மட்டக்களப்புப் பாதை வடக்குப் பாதையிலிருந்து மாஹோவில் பிரிகிறது. கல்லோயாச் சந்தியில் திருகோணமலைக் கிளை விலக, இது பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனானை, வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் வழியாக வந்து மட்டக்களப்பில் முடிகிறது. 1928இல் பாதை நகரை எட்டியது. மாஹோவிலிருந்து ஏறத்தாழ 210 கிலோமீற்றர். முழுதும் ஒற்றைப் பாதை. தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீற்றர், அதாவது ஐந்தரை அடி. அதற்கப்பால் தெற்கே அம்பாறைப் பக்கம் தண்டவாளம் இல்லை. மேற்கே மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையிலும் இல்லை. வவுணதீவும் அதைச் சூழ்ந்த படுவான்கரை வயல்களும் ரயிலைக் காண வேண்டுமானால் வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு வரவேண்டும். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி பாதைக்கு இட்ட எல்லை இது. மாதிரி கட்டுவோருக்கு இந்த எல்லை ஒரு கொடை. பாதை ஏன் இங்கே முடிகிறது என்ற கேள்விக்குப் பலகையின் ஓரத்தில் வரையும் நீர்ப்பரப்பே விடையாகிவிடும். நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று பாலத்தடியில் நின்றால், அக்கரையைக் காட்டாமலே அக்கரை வந்துவிடும்.

முடிவு நிலையம் என்பதால் வேலையும் தெளிவு. கொழும்பிலிருந்து வரும் உதயதேவி பகல் வண்டி. மீனகயா இரவு வண்டி. எஞ்சின் இழுத்துவரும் வண்டி எதுவானாலும், நிலையத்தில் எஞ்சின் முன்முனையில் மாட்டிக்கொள்ளும். அதைக் கழற்றி, பக்கத்துப் பாதையால் சுற்றி ஓட்டி, மறுமுனையில் கொழுவினால்தான் வண்டி திரும்பும். பெட்டிகளைக் கழுவ, பழுதான ஒன்றை விலக்க, படுக்கைப் பெட்டியைச் சேர்க்க என்று இடையில் வேலைகள் வரும். சரக்கில் இன்றும் உயிரோடிருப்பது எரிபொருள். 2024 ஒக்டோபரில் மின்னேரியாப் பகுதியில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது, கொலன்னாவையிலிருந்து மட்டக்களப்புக்கு எண்ணெய் கொண்டுவந்த வண்டிதான். எண்ணெய்த் தாங்கி வேகன்களைப் பயணிகள் மேடையிலிருந்து விலக்கி, தனிப் பாதையில் வைத்து இறக்கவேண்டும். இந்த மூன்று வேலைகளும், அதாவது எஞ்சின் சுற்றுதல், பெட்டி மாற்றுதல், தாங்கி வேகன் வைத்தெடுத்தல், எந்தப் பாதைகளைக் கேட்கின்றனவோ அவற்றையே யார்ட்டில் போடவேண்டும். ஐந்தாவது ஆறாவது பாதைகளை ஆசைதான் கேட்கும்.

எந்தக் காலத்தை எடுப்பது என்பதையும் இங்கேயே முடிவுசெய்துவிடவேண்டும். யார்ட்டின் வடிவம் அதில் தங்கியிருக்கிறது. நீராவிக் காலத்தை எடுத்தால் நிலக்கரி மேடை, தண்ணீர்த் தூண், எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடை எல்லாம் இடம் கேட்கும். 1954இல் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய எம்2 வகை டீசல் எஞ்சின்கள், 1975இல் அதே நாட்டிலிருந்து வந்த எம்4, 1979இன் ஜேர்மன் எம்6 ஆகியவற்றின் காலத்தில் சுழல்மேடை கட்டாயமில்லை. எஞ்சின் சுற்றும் பாதை மட்டும் போதும். எம்2 எஞ்சின்களுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர் சூட்டியிருப்பது பெயர்ப்பலகை எழுதுவோருக்குக் கூடுதல் இன்பம். 2012 அளவில் சீனாவிலிருந்து வந்த எஸ்12 போன்ற இருமுனை ஓட்டுநர் அறைகொண்ட தொடர்வண்டிகளை எடுத்துக்கொண்டால் எஞ்சின் சுற்றும் வேலையே அற்றுப்போகும். வண்டி வரும், நிற்கும், போகும். யார்ட் கட்டுவது நோக்கமானால் 1960 முதல் 1990 வரையான டீசல் காலமே பலனுள்ளது: வேலை நிறைய, கட்டடம் குறைவு.

அடுத்தது அளவு. இலங்கை, இந்திய ரயில்களை மாதிரி செய்வோருக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்று இங்கே எழுகிறது. கடையில் கிடைக்கும் தண்டவாளங்கள் ஐரோப்பிய, அமெரிக்கத் தரப்பாதையான 1435 மில்லிமீற்றருக்கு ஏற்பச் செய்தவை. எச்ஓ எனப்படும் 1:87 அளவுக்கு 16.5 மில்லிமீற்றர், என் எனப்படும் 1:160 அளவுக்கு 9 மில்லிமீற்றர். பிரித்தானியரின் ஓஓ அளவு 1:76, அதாவது ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர். ஆனால் அதுவும் ஓடுவது 16.5 மில்லிமீற்றர்ப் பாதையில்தான். ஐந்தரை அடிப் பாதையை இவ்வளவுகளில் கணக்கிட்டால் எச்ஓவில் 19.2, என்னில் 10.5 வருகிறது. ஓஓவிலோ ஐந்தரையை நான்கால் பெருக்கச் சரியாக 22 மில்லிமீற்றர். எம்2 எஞ்சினை 1:76இல் அழகாகச் செய்து 16.5 பாதையில் நிறுத்தினால், அது 1257 மில்லிமீற்றர்ப் பாதையில் நிற்பதற்குச் சமம். காற்பங்கு அகலம் போய்விட்டது. முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் ஒடுங்கிய கால்களில் நிற்பது உடனே தெரியும்.

இதற்கு மூன்று வழிகள். பாதை ஒடுங்கியிருப்பதைப் பொறுத்துக்கொண்டு கடைத் தண்டவாளத்தில் ஓட்டலாம். பெரும்பாலோர் செய்வது இதுவே. அல்லது 16.5 பாதையை ஐந்தரை அடியாக எடுத்துக்கொண்டு, மேலுள்ள வண்டிகளை 1:102 அளவில் செய்யலாம். அப்போது எல்லாப் பெட்டியும் கட்டடமும் கையால்தான் வரவேண்டும், கடைப்பொருள் எதுவும் அளவில் ஒட்டாது. மூன்றாவது, 22 மில்லிமீற்றரில் பாதையைத் தானே செய்வது. அயர்லாந்தின் ஐந்தேகால் அடிப் பாதையைச் செய்வோர் இதே வழியில் 21 மில்லிமீற்றரில் ஓட்டுகிறார்கள். மின்சுற்றுப் பலகைத் துண்டுகளை 36 மில்லிமீற்றர் நீளச் சிலிப்பர்களாக நறுக்கி, அதன் செப்பு முகத்தில் தண்டவாளத்தை ஈயத்தால் ஒட்டுவார்கள். ஒவ்வொரு சிலிப்பரின் நடுவிலும் செப்பை அரத்தால் கீறிப் பிரிக்க மறந்தால் இரு தண்டவாளமும் மின்னில் ஒன்றாகிவிடும். டெம்பிளாட் என்ற கணினி நிரல் எந்தப் பாதை அகலத்துக்கும், பாதை பிரியும் இடமான பொயின்ட்டை வரைந்து தரும். அச்செடுத்த தாளின்மேலேயே வைத்துக் கட்டலாம். சிறு யார்ட்டில் எட்டுப் பத்துப் பொயின்ட்டுகள்தான் என்பதால் இந்த உழைப்பு அளவுக்கு மீறியதன்று. நெடும்பாதை அமைப்புக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது. முடிவு நிலைய யார்ட்டுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

யார்ட்டின் வடிவக் கணக்கு முழுவதும் ஏணியில் இருக்கிறது. ஒரு பாதையிலிருந்து அடுத்தடுத்துப் பொயின்ட்டுகள் பிரிந்து பல பக்கப் பாதைகளாக விரியும் சாய்ந்த கோட்டுக்கு ஏணி என்று பெயர். பெக்கோ நிறுவனத்தின் ஸ்ட்ரீம்லைன் வகைப் பொயின்ட்டுகள் சிறிது, நடுத்தரம், பெரிது எதுவானாலும் 12 பாகைக் கோணத்தில் பிரிகின்றன. நடுத்தரப் பொயின்ட்டின் நீளம் 219 மில்லிமீற்றர். அவற்றை நேரடியாகப் பொருத்தினால் பாதைகளின் நடுக்கோடுகள் 50.8 மில்லிமீற்றர் இடைவெளியில் அமையும். தரப்பாதை வண்டிகளுக்கு அது போதும். 3.2 மீற்றர் அகலமான அகலப்பாதைப் பெட்டியோ 1:76இல் 42 மில்லிமீற்றர். இரு பெட்டிகளுக்கிடையே மிஞ்சுவது 9 மில்லிமீற்றர். தடம்புரண்ட வேகனை எடுக்க விரல் நுழையாது. இந்திய அகலப்பாதை விதிகள் பழைய பாதைகளுக்கு 4.265 மீற்றரும் பின்னையவற்றுக்கு 4.725, 5.3 மீற்றரும் நடுக்கோட்டு இடைவெளியாகக் கேட்கின்றன. நடுவிலுள்ளதை எடுத்தால் மாதிரியில் 62 மில்லிமீற்றர். பார்வைக்கும் சரி, விரலுக்கும் சரி.

இடைவெளியைக் கூட்டினால் ஏணி நீளும். 12 பாகைச் சாய்வில் 62 மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர, நீளவாக்கில் 292 மில்லிமீற்றர் செலவாகும். மூன்று பக்கப் பாதைக்கு இரு படிகள், 584 மில்லிமீற்றர். ஐந்து பாதைக்கு ஒரு மீற்றருக்கும் மேல். ஒவ்வொரு புதிய பாதையும் முந்தியதை விட 292 மில்லிமீற்றர் குறுகியதாகவே வரும் என்பதைக் கவனிக்கவேண்டும். நான்காவது பாதையைப் போட்டு அதில் மூன்று வேகன் நிறுத்துவதைவிட, அந்தப் பொயின்ட்டின் விலையைச் சேமிப்பது மேல். அத்தோடு பொயின்ட் முடியும் இடத்திலிருந்து பாதை முழுதும் பயன்படாது. இரு பாதைகள் நெருங்கும் இடத்தில் பக்கத்து வண்டியில் இடிபடாமல் நிற்கும் எல்லை ஒன்று உண்டு. உண்மைப் பாதையில் அங்கே வெள்ளையடித்த கல் இருக்கும். மாதிரியிலும் இரண்டு நீளப் பெட்டிகளைத் தள்ளிப் பார்த்து அந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சிலிப்பர் வைப்பது நல்லது. பாதையின் கொள்ளளவை அங்கிருந்துதான் எண்ணவேண்டும்.

இனி, யார்ட்டின் உயிர்நிலையான சண்டிங் பாதை. ஏணியின் வாயிலிருந்து பக்கப் பாதைகளுக்கு எதிர்த்திசையில் நீளும் முட்டுப்பாதை இது. எஞ்சின் ஒரு பக்கப் பாதையிலிருந்து வேகன்களை இழுத்துக்கொண்டு இதற்குள் வந்து நின்று, பொயின்ட் மாறியபின் வேறொரு பாதைக்குள் தள்ளும். இது இல்லையென்றால் ஒவ்வொரு இழுப்புக்கும் பிரதான பாதையை அடைக்கவேண்டும். உண்மையில் பல சிறு நிலையங்கள் அப்படித்தான் ஓடின. நாளுக்குச் சில வண்டிகளே வரும் இடத்தில் தனிப் பாதைக்குச் செலவழிக்க ரயில்வே விரும்பாது. மாதிரியிலோ இருவர் சேர்ந்து ஓட்டினால், ஒருவர் சண்டிங் செய்துகொண்டிருக்க மற்றவர் வண்டியைக் கொண்டுவரக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு பத்து நிமிடத்தில் சலிப்பாகும். பலகை இடம் கொடுக்குமானால் சண்டிங் பாதையைத் தனியாகவே போடவேண்டும். அதன் நீளம் மிக நீண்ட சரக்குப் பாதையில் ஒரே தடவையில் கையாள நினைக்கும் வேகன்களும் எஞ்சினும் கொள்ளுமளவு இருக்கவேண்டும். ஐந்து வேகன் கொள்ளும் பாதைக்கு இரண்டு வேகன் கொள்ளும் சண்டிங் பாதை வைத்தால், ஒரே வேலையை மூன்று தடவை செய்யவேண்டிவரும்.

ஒரு திட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் இவை ஒன்றோடொன்று எப்படி மோதுகின்றன என்பது தெளியும். எட்டடிக்கு நாலடிப் பிளைவூட் பலகை ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்து முனையோடு முனை சேர்த்தால், பதினாறு அடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள தட்டு கிடைக்கும்: 4880 மில்லிமீற்றர். வண்டி என்பது 190 மில்லிமீற்றர் எஞ்சினும், 18 மீற்றர்ப் பெட்டிக்கு ஒப்பான 236 மில்லிமீற்றர்ப் பெட்டிகள் ஐந்தும் என்றால் 1370 மில்லிமீற்றர். அது மறைவில் நிற்க 1500 ஒதுக்கியபின், கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு 3380 எஞ்சும். கடைசி முட்டுக்கட்டையருகே எஞ்சின் நிற்க 220. அது விலகிப் பக்கத்துப் பாதைக்கு மாறும் குறுக்கிணைப்புக்கு, 62 மில்லிமீற்றர் இடைவெளியில், சுமார் 490. ஐந்து பெட்டிகளுக்கு 1180. இதுவரை 1890. மறுமுனையில் பிரதான பாதையிலிருந்து எஞ்சின் சுற்றும் பாதைக்கு இன்னொரு 490. அதே சாய்வு தொடர்ந்து முதற் சரக்குப் பாதையை எட்ட 292. அங்கிருந்து எதிர்த்திசையில் சண்டிங் பாதை: 80 மில்லிமீற்றர் நாற்சில்லு வேகன் ஐந்தும் எஞ்சினும் நிற்க 600. மொத்தம் 3270 சொச்சம். நூறு மில்லிமீற்றர்தான் கைமிச்சம். ஆறாவது பெட்டி வேண்டுமென்றால் சண்டிங் பாதையை வெட்டவேண்டும் என்பது இந்தக் கணக்கில் பளிச்சென்று தெரிகிறது. வெட்டக்கூடாது. பயணிகள் வண்டியை நாலு பெட்டியாக்கிச் சண்டிங் பாதையை நீட்டினாலும் தவறில்லை. கண் நாலு பெட்டியையும் வண்டியென்றே ஏற்கும்.

எண்ணெய் இறக்கும் பாதையைத் தட்டின் பின்னோரத்தில், மற்றவற்றிலிருந்து விலக்கி, வேலிபோட்டு வைப்பது பொருந்தும். சரக்குக் கொட்டகைக்கு ஒரு பாதை, திறந்தவெளியில் லொறி வந்து ஏற்ற ஒரு பாதை. மூன்றுக்குமேல் வேண்டியதில்லை.

மறைவிலுள்ள 1500 மில்லிமீற்றர் பகுதி மாஹோவாகவும் கொழும்பாகவும் நடிக்கும் இடம். அங்கே ஏணி போட்டால் பாதி நீளம் பொயின்ட்டுக்கே போய்விடும். அதனால் தூக்கிவைக்கும் பெட்டகப் பாதை சிறந்தது: ஒரு மரப்பலகையில் இரண்டு அலுமினிய எல்-சட்டங்களைப் பாதையகலத்துக்கு ஒட்டினால் அதுவே தண்டவாளம். சட்டம் எந்த வன்பொருள் கடையிலும் கிடைக்கும். முழு வண்டியை அதன்மேல் ஏற்றி, பலகையோடு தூக்கி, முனை மாற்றி வைத்தால் வண்டி கொழும்புக்குப் போய்த் திரும்பிவிட்டது. இணைப்பிடத்தில் இரும்புத் தாள்கவ்விகளைப் பொருத்தினால் அவையே மின்சாரத்தையும் கடத்தும், நேர்கோட்டையும் பிடித்துவைக்கும்.

கட்டுமானத்தில் முதல் எதிரி ஈரம். மட்டக்களப்பில் வடகீழ்ப் பருவமழை நவம்பர் முதல் ஜனவரி வரை சுவரையே நனைத்துவிடும். வாவிக் காற்றில் உப்பும் உண்டு. தண்டவாளம் வெயிலில் நீளுமே என்று பலர் அஞ்சுகிறார்கள். நிக்கல் வெள்ளித் தண்டவாளம் ஐந்து மீற்றர் நீளத்துக்குப் பத்துப் பாகை வெப்ப மாற்றத்தில் ஒரு மில்லிமீற்றர்கூட நீளாது. பலகையோ மாரியில் ஊதி, கோடையில் சுருங்கித் தண்டவாளத்தை முறுக்கும். எனவே பிளைவூட்டின் இரு முகங்களுக்கும், முக்கியமாக அறுத்த ஓரங்களுக்கும், வர்ணமோ வார்னிஷோ பூசாமல் தண்டவாளம் போடக்கூடாது. அடிச்சட்டத்தின் கால்களைத் தரையில் நேராக ஊன்றாமல் ஓடோ தகரமோ வைத்து உயர்த்துவது கறையானுக்காக. இரும்புத் தண்டவாளம் மலிவென்று வாங்கினால் ஒரு மாரிக்குள் துருவேறும்.

யார்ட் முழுதும் மட்டமாக இருக்கவேண்டும். இந்திய அகலப்பாதை விதிகளில் நிலைய யார்ட்டுக்குப் பரிந்துரைத்த சாய்வு 1200க்கு 1. மீறினாலும் 400க்கு 1தான். மாதிரி வேகனின் ஊசிமுனை அச்சுகள் எளிதில் உருளுவதால் இங்கே கண்டிப்பு இன்னும் வேண்டும். கழற்றிவிட்ட வேகன் தானாகவே ஊர்ந்து பொயின்ட்டை அடைத்தால் அன்றைய ஓட்டம் கெடும். தட்டை வைத்தபின் ஒரு வேகனை ஒவ்வொரு பாதையிலும் நிறுத்திவிட்டுப் பார்ப்பது மட்டக்கோலைவிட நம்பகமான சோதனை. பொயின்ட்டுகளுக்கு இன்னொரு சோதனை உண்டு: ஐந்து வேகன்களைப் பின்னோக்கித் தள்ளி ஏணி முழுதும் ஓட்டவேண்டும். இழுக்கும்போது சமாளித்துக்கொள்ளும் குறைகள் தள்ளும்போது வெளிப்படும். யார்ட்டில் பாதி வேலை தள்ளுவதுதான். சரளைக்கல் ஒட்டுமுன் இந்தச் சோதனையை முடிக்காதவர்கள், ஒட்டிய பசையைச் சுரண்டி எடுக்கவேண்டிவரும்.

மின்சாரத்தில் கவனிக்கவேண்டிய இடம் பொயின்ட்டின் குறோசிங். இரு தண்டவாளங்கள் வெட்டும் அந்த மூக்கு பிளாஸ்ரிக்காயிருந்தால், குறுகிய சண்டிங் எஞ்சின் அதன்மேல் மெதுவாக வரும்போது மின்னிழந்து நிற்கும். பொயின்ட் மாறும்போதே மூக்கின் மின்முனையும் மாறும்படி ஒரு சுவிட்சை இணைப்பதே தீர்வு. தட்டின் ஓரத்திலிருந்து சைக்கிள் கம்பியொன்றைப் பொயின்ட்டோடு கொழுவி, அதே கம்பி ஒரு தள்ளுசுவிட்சையும் நகர்த்தும்படி வைத்தால் மோட்டரே வேண்டியதில்லை. இழுத்தால் பாதையும் மாறும், மின்னும் மாறும். இரு எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்ட, பழைய முறையில் பாதையைப் பிரிவுகளாக வெட்டிச் சுவிட்ச் வைக்கவேண்டும். 1990களில் தரப்படுத்தப்பட்ட டிஜிற்றல் முறையில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் உள்ளே ஒரு மின்னணுச் சில்லு இருப்பதால் பிரிவுகள் தேவையில்லை. ஒன்றிரண்டு எஞ்சினுக்குப் பழைய முறையே போதும், அதற்கு இன்னொரு அனுகூலமும் உண்டு: அது 12 வோல்ற் நேர்மின்னில் ஓடுவது. 2022இல் மின்வெட்டு நாளுக்குப் பல மணிநேரம் நீடித்தபோதும் ஒரு கார் பற்றரியால் ஓட்டக்கூடியதாக இருந்த அமைப்பு இதுதான். பற்றரிக்கும் பாதைக்கும் இடையில் உருகி வைக்கவேண்டும், இல்லையேல் தடம்புரண்ட சில்லே வயரை எரித்துவிடும்.

தரைக்குக் கடற்கரை மணலைவிட இயல்பானது இல்லை. மட்டக்களப்பு யார்ட்டின் நிலம் வெளிறிய மணல்தான். ஆனால் அள்ளியபடியே கொட்டக்கூடாது. நல்ல தண்ணீரில் சில தடவை கழுவாத மணலில் உப்பு தங்கி, ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தடியில் மின் கசியவும் துருவேறவும் வைக்கும். கிழக்குக் கரை மணலில் கனிமமும் உண்டு. புல்மோட்டையில் இல்மனைற்றைத் தோண்டி ஏற்றுமதி செய்வது அதனால்தான். காந்தத்தில் ஒட்டும் கரும்பொடி எஞ்சின் மோட்டருக்குள் புகுந்தால் மோட்டர் போய்விடும். காய்ந்த மணலைத் தாளில் பரப்பி, தாளில் சுற்றிய காந்தத்தை அதற்குள் பலதடவை இழுத்து, கரும்பொடி வராமல் நின்றபின் அரித்தெடுத்த மணலே பலகைக்கு ஏற்றது.

ஓட்டமுறைக்கு இலங்கைப் பாதை தரும் ஒரு நல்ல கருவி டேப்லட். ஒற்றைப் பாதையில் ஒரு பிரிவுக்குள் ஒரே வண்டி இருக்க, ஓட்டுநர் கையில் அந்தப் பிரிவுக்குரிய உலோகத் தகடு இருந்தால்தான் புறப்படலாம் என்பது அதன் விதி. மாதிரியில் ஏறாவூர்–மட்டக்களப்பு என்று எழுதிய ஒரு பித்தளை வட்டை மறைவுப் பகுதிக்கும் யார்ட்டுக்கும் நடுவே கைமாறினாலே போதும். இருவர் ஒரே நேரத்தில் வண்டியை விடும் விபத்து நடக்காது. கைகாட்டி மரங்களை அசையவைக்க நேரமில்லாவிட்டாலும் டேப்லட்டை விடக்கூடாது. பெட்டிகளைக் கழற்ற உண்மையான கொழுக்கியைப் பயன்படுத்துவோர் மெல்லிய கம்பியால் கழற்றுவர். காந்தத்தால் தானே கழலும் இணைப்புகளும் உண்டு. முன்னது மெதுவானது. யார்ட்டுக்கு அந்த மெதுவே நல்லது, ஏனெனில் உண்மையிலும் ஆள் இறங்கிப் பெட்டிகளுக்கிடையே புகுந்துதான் திருகு இணைப்பைக் கழற்றுகிறார்.

முழுத் தட்டும் கட்ட வசதியில்லாதவர்களுக்கு இன்னும் சிறிய வடிவம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயரான அலன் ரைட் வகுத்த இங்கிள்நூக் திட்டத்தில் இரண்டே பொயின்ட்டுகள், மூன்று பாதைகள்: ஒன்றில் ஐந்து வேகன், மற்ற இரண்டில் மும்மூன்று, சண்டிங் பாதையில் எஞ்சினும் மூன்று வேகனும். சாமர்செற் கிராமமொன்றிலிருந்த கில்மர்ஸ்டன் நிலக்கரிச் சுரங்க யார்ட் அதற்கு முன்மாதிரி. எட்டு வேகன்களில் சீட்டுக் குலுக்கி எடுத்த ஐந்தை, குலுக்கிய ஒழுங்கிலேயே கோர்க்கவேண்டும். அப்படிக் கோர்க்கக்கூடிய வெவ்வேறு வண்டிகள் 6720. ஒன்றரை மீற்றருக்குள் அடங்கும் இந்த யார்ட் தரும் வேலையை, பதினைந்து பாதை போட்ட மேசைகள் பல தருவதில்லை. அதிலும் சண்டிங் பாதையின் கொள்ளளவு மூன்று வேகன் என்று கணக்காக வகுத்திருப்பதே திட்டத்தின் உயிர்; அதை இரண்டாகக் குறைத்தால் புதிர் நின்றுவிடும், ஐந்தாகக் கூட்டினால் புதிரே இருக்காது.

மட்டக்களப்பு யார்ட்டைக் கட்ட நினைப்பவர், பலகை அறுக்குமுன் பொயின்ட்டுகளைத் தாளில் உண்மை அளவில் வெட்டித் தரையில் பரப்பி, தீப்பெட்டிகளை வேகன்களாக வைத்து ஒரு பகல் வண்டியின் வருகையையும் ஓர் எண்ணெய் வண்டியின் வருகையையும் கையால் நடத்திப் பார்க்கவேண்டும். எஞ்சின் எங்காவது சிறைப்பட்டால் அந்த இடத்துத் தாளை நகர்த்துவது இலவசம். தண்டவாளத்தை ஒட்டியபின் நகர்த்துவது அப்படியல்ல.